சர்பத் வண்டியில் ஒரு சிரப் பாட்டில்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சர்பத் வண்டி நிற்கும். அதிலிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை. வண்டிக்காரர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஊறின சப்ஜா விதையை ஒரு கரண்டி அள்ளிப் போட்டு, பாட்டிலைச் சாய்ப்பார். நன்னாரிப் பாகு தண்ணீர் மாதிரி விழாது. கயிறு போல இறங்கி, கிளாசின் அடியில் பழுப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம்தான் தண்ணீர், ஐஸ், நீளக் கரண்டியால் ஒரு கலக்கு. போன சித்திரையில் ஒரு மதியம் நான் அங்கே நின்றபோது பக்கத்தில் நின்றவர், "அண்ணே, எனக்கு சிரப் கொஞ்சம் தூக்கலா" என்றார். அதே நிமிஷம் மருந்துக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல்: "தம்பி, பிள்ளைக்கு இருமலா இருக்கு, ஒரு சிரப் குடுங்க."

கேட்டது இரண்டு பொருள், சொல் ஒன்று. வண்டியின் பலகையில் பெரிதாக எழுதியிருந்த 'சர்பத்' என்பதும் அதே சொல்லுக்கு உடன்பிறப்புதான். இதை நான் அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "சர்பத் நம்ம ஊர்ச் சொல்லு சார், சிரப்தான் இங்கிலீஷ்" என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டார். வெயில் அதிகம், விவாதிக்கத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

சிரப் என்றால் மருந்து என்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைப் பாகு என்பவர்கள் இருக்கிறார்கள். 'ஷராப்' என்ற இந்திச் சொல்லோடு முடிச்சுப் போட்டு, ஆதியில் அது மதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் படத்துக்கு இடைவேளைக்குப் பிறகு வந்தவர் கதை சொல்வது மாதிரியான உண்மை. நாம் டைட்டிலிலிருந்து பார்ப்போம்.

## முதலில் பானகம்

ஸ்ரீராம நவமிக்கு வெல்லத்தைக் கரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்களே, பானகம். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெல்லமும் இல்லை, சுக்கும் இல்லை. வடமொழியில் 'பா' என்ற வினைக்குக் 'குடி' என்று பொருள். அதிலிருந்து பானம், பானகம். ஆக, பானகம் என்றால் 'குடிப்பது', அவ்வளவுதான். ஆனால் இன்று காபியை யாராவது பானகம் என்று சொன்னால் சிரிப்போம். எதை வேண்டுமானாலும் குறித்திருக்கக்கூடிய சொல், ஒரே ஒரு இனிப்புப் பானத்துக்குப் பெயராக நின்றுவிட்டது.

இதற்குப் பொருள் சுருக்கம் என்று பெயர். அகலமான பொருளோடு பிறந்த சொல் புழக்கத்தில் தேய்ந்து தேய்ந்து ஒரு குறிப்பிட்ட பொருளுக்குள் அடங்கிவிடுவது. நேர் எதிர்த்திசையிலும் நடக்கும். எள்ளின் நெய் என்பதுதான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எள்ளை மறந்தே போய்விட்டோம். அது பொருள் விரிவு.

பொருள் சுருக்கத்துக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது, "பையன் குடிப்பாரா?" என்று கேட்கிறார்கள். மோர் குடிப்பார், இளநீர் குடிப்பார் என்று யாராவது பதில் சொல்வார்களா? 'குடி' என்ற பொதுவான வினை, தனியாக நின்றாலே மதுவைக் குறிக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. 'தண்ணி' கதையும் அதேதான்.

ஒரு சின்ன விலகல். பானத்துக்கு வேரான அந்த 'பா'வுக்கு லத்தீனில் ஒரு தூரத்து உறவு உண்டு: 'போத்தியோ', அதாவது குடிக்கும் மருந்து. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 'பாய்சன்' ஆகிவிட்டது, விஷம். குடிப்பது என்ற ஒரே கருத்து ஒரு பக்கம் நைவேத்தியமாகவும் இன்னொரு பக்கம் நஞ்சாகவும் போய் நிற்கிறது.

இதுவரை பார்த்தது இதுதான்: 'குடிப்பது' என்று மட்டும் பொருள்படும் ஒரு சொல் காலப்போக்கில் ஓர் இனிப்புப் பானத்தையோ, மதுவையோ, மருந்தையோ மட்டும் குறிக்க ஆரம்பிக்கலாம். சிரப்புக்கு நடந்தது இந்த மூன்றுமே.

## மூன்று மெய்களில் ஒரு குடும்பம்

சிரப்பின் வேர் அரபியில் இருக்கிறது. அரபி மொழி சொற்களை உருவாக்கும் விதம் நமக்குப் பழக்கமில்லாதது என்பதால் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம்.

தமிழில் 'குடி' என்ற பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் ஒட்டுகிறோம்: குடித்தான், குடிப்பவர், குடிநீர். அரபியில் பெரும்பாலான சொற்களுக்கு அடிப்படை மூன்று மெய்யெழுத்துகள். நடுவில் உயிரெழுத்துகளை மாற்றி மாற்றிச் செருகியும், முன்னால் ஓர் அசையைச் சேர்த்தும் புதுச் சொற்கள் பிறக்கும். ஒரே கட்டிலில் கயிற்றை வேறு வேறு விதமாகப் பின்னுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் மாறாது, பின்னல் மாறும். இந்த மூன்று மெய்களின் தொகுப்பை வேர் என்கிறார்கள்.

நம்முடைய வேர் ஷ்-ர்-ப். (அந்தக் கடைசி எழுத்தை 'பந்து' என்பதில் வருகிற மாதிரி அழுத்தம் இல்லாமல் படிக்க வேண்டும், வன்மையான 'ப' அரபியில் கிடையாது.) ஷரிப என்றால் குடித்தான். ஷராப் என்றால் பானம். மஷ்ரூப் என்றாலும் குடிக்கப்படுவது, பானம். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் ஹோட்டல் மெனுவில் அதன் பன்மையான 'மஷ்ரூபாத்' என்ற தலைப்பைப் பார்த்திருப்பார்கள், அதன் கீழே டீயும் ஜூஸும் வரிசையாக இருக்கும். ஷாரிப் என்றால் குடிப்பவர். அதே ஷாரிபுக்கு மீசை என்றும் பொருள் உண்டு! கிளாசை வாயில் வைத்தால் நமக்கு முன்னால் குடிப்பது அதுதானே.

குடும்பத்தில் மதுவுக்கென்று முத்திரை குத்தின சொல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மதுவுக்கு அரபியில் 'கம்ர்' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம், 69ஆம் வசனத்தில் தேனீக்களின் வயிற்றிலிருந்து வெளிவரும் பல நிறப் பானத்தைப் பற்றி வருகிறது. அதில் மனிதர்களுக்கு நிவாரணம் இருக்கிறது என்கிறது வசனம். அங்கே தேனைக் குறிக்கப் பயன்பட்டிருக்கும் சொல் ஷராப்.

'ஆதியில் ஷராப் என்றால் மது' என்ற பேச்சு இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. மது என்ற பொருள் அந்தச் சொல் பாரசீகத்துக்குப் போன பிறகு அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து உருது, இந்தி. நம் 'குடி' போன அதே வழிதான்.

## ஒரு வேர், மூன்று பாட்டில்

இதை ஒரே பார்வையில் காட்ட துருக்கி மொழியைவிட நல்ல இடம் இல்லை. அங்கே 'ஷராப்' என்று கேட்டால் ஒயின் வரும். 'ஷெர்பெத்' என்று கேட்டால் பழமும் பூவும் போட்ட இனிப்புப் பானம். 'ஷுருப்' என்று கேட்டால் இருமல் மருந்து. மூன்று சொல்லும் ஒரே ஷ்-ர்-ப். ஒயின் கடை, சர்பத் வண்டி, மருந்துக்கடை என்று மூன்று கடைக்கும் ஒரே தாத்தாவின் பெயரை வைத்த மாதிரி.

நம் 'சர்பத்' இதில் நடுப்பிள்ளை. அரபியில் 'ஷர்பா' என்றால் ஒரு தடவை குடிப்பது, ஒரு மடக்கு. அது பாரசீகத்தில் 'ஷர்பத்' ஆகி இனிப்புப் பானத்தைக் குறித்தது. உருது வழியாக நமக்கு வந்து சர்பத் ஆனது. அதே ஷெர்பெத் துருக்கியிலிருந்து இத்தாலிக்குப் போய் 'சொர்பெத்தோ' ஆகி உறைந்துபோனது; இன்று ஐஸ்கிரீம் கடைகளில் பால் இல்லாத பழ ஐஸுக்கு 'சோர்பே' என்று போட்டிருப்பது அதுதான். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் நாக்கில் போட்டால் நுரைக்கிற ஒரு புளிப்பு இனிப்புப் பொடிக்கு 'ஷெர்பெட்' என்று பெயர் வைத்தார்கள். குடிப்பது என்ற சொல் கடைசியில் பொடிக்குப் பெயராயிற்று. அதற்கு மேல் என்ன சொல்ல.

பாரசீகத்தில் ஷர்பத் என்ற சொல்லுக்கு மருந்து வாடை முழுதாக விடவே இல்லை. யுனானி மருத்துவத்திலும் அப்படித்தான். வட இந்தியாவில் நோன்பு திறக்கும் மேஜைகளில் சிவப்பாக நிற்கும் ரூஹ் அஃப்சாவை 1907இல் டெல்லியில் தயாரித்தவர் ஹக்கீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் என்ற யுனானி மருத்துவர். அது மருத்துவரின் கடையில் பிறந்த சர்பத்.

சுருக்கமாக: அரபியில் வெறும் பானமாக இருந்த சொல், கிழக்கே வரும்போது மதுவாகவும் சர்பத்தாகவும் பிரிந்தது. மேற்கே போன கிளைதான் சிரப்.

## ஷராபி என்றால் யார்?

இந்தியில் ஷராபி என்றால் குடிகாரன். ஷராப்கானா என்றால் சாராயக்கடை.

இப்போது 11, 12ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவுக்குப் போங்கள். அங்கே பழைய யூத வழிபாட்டுக் கூடம் ஒன்றில் சேர்த்துவைக்கப்பட்டிருந்த கடிதங்கள், கணக்குகள், ஒப்பந்தங்கள் லட்சக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. கெய்ரோ கெனிசா என்று பெயர். அவற்றில் 'ஷராபி' ஒரு கௌரவமான தொழில்: மருந்துப் பானங்கள் காய்ச்சி விற்பவர். அந்தக் கால அரபு மருத்துவமனைகளில் மருந்து தயாரித்துக் கொடுக்கும் அறைக்குப் பெயர் ஷராப்கானா. அதே சொல், அதே எழுத்து. ஒரு ஊரில் அங்கே நோயாளி போனான், இன்னொரு ஊரில் குடிகாரன் போகிறான்.

அரபு உலகின் மருந்தாளர்கள் பானத்தை ஒரு தனி மருந்து வகையாகவே வைத்திருந்தார்கள். 869இல் இறந்த சாபூர் இப்னு சஹ்ல் எழுதிய மருந்துத் தயாரிப்புக் கையேட்டில் மாத்திரை, சூரணம், களிம்பு என்று வகை பிரித்திருப்பார். அதில் ஷராபுகளும் ஒரு வகை. பாரசீக மருத்துவர் இப்னு சீனா 1025 வாக்கில் முடித்த பெரிய மருத்துவ நூலின் ஐந்தாம் பாகம் முழுக்கக் கூட்டு மருந்துகள், அங்கேயும் ஷராபுகள் வரிசையாக வரும்.

அவர்கள் கையில் இருந்த பெரிய வசதி சர்க்கரை. அது போனது இந்தியாவிலிருந்து. வடமொழியில் 'சர்க்கரா' என்றால் பொடிக்கல், பரல். கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பரலாக எடுத்ததால் அந்தப் பெயர். பாரசீகத்தில் ஷகர், அரபியில் சுக்கர், கடைசியில் ஆங்கிலத்தின் 'ஷுகர்'. நம் சர்க்கரையும் அவர்கள் ஷுகரும் ஒரே பரலின் இரண்டு முகம். அதற்கும் முன்பே காய்ச்சிக் கெட்டியாக்கிய கரும்புச் சாற்றை மருந்தாகக் கருதும் வழக்கம் இந்தியாவில் இருந்தது. புத்த பிக்குகள் உடல்நிலை சரியில்லாதபோது வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட ஐந்து பொருள்களில் நெய், வெண்ணெய், எண்ணெய், தேன் ஆகியவற்றோடு ஐந்தாவதாக வருவது 'பாணிதம்', அதாவது கரும்புப் பாகு.

ஆக, பாகு இங்கிருந்து போனது, பெயர் அரேபியாவில் வைத்தது. இரண்டும் சேர்ந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறின.

## 'ஷ' எப்படி 'சி' ஆனது

வட ஆப்பிரிக்காவில் பிறந்த கான்ஸ்டன்டைன் என்பவர் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் மோன்டே கசினோ மடத்தில் இருந்துகொண்டு அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்ட் இப்னு சீனாவின் நூலை மொழிபெயர்த்தார். மருந்துப் பெயர்கள் வந்தால் மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்வார்கள்? நாம் பாரசிட்டமால் என்று எழுதுகிற மாதிரி அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இப்படி ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழி எடுத்துத் தன் வாய்க்குத் தகுந்தபடி வைத்துக்கொள்வது கடன்சொல்.

லத்தீன் வாய்க்கு 'ஷ' கிடையாது, 'ச'தான். ஷராப் அங்கே 'சிரூபுஸ்', 'சிரோபுஸ்' என்று எழுதப்பட்டது. முதல் உயிர் 'அ'விலிருந்து 'இ'க்கு நழுவியது. பிரெஞ்சில் 'சிரோ', எழுதும்போது கடைசியில் ஒரு 'ப' இருக்கும், வாயில் வராது. 14ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்து, மருத்துவமனையும் மருந்துச் சீட்டும் வந்த காலத்தில், நமக்கு.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஸ்பெயினும் போர்ச்சுகலும். அரபியோடு நேராகப் பேசிப் பழகிய ஊர்கள் என்பதால் லத்தீன் வழியைச் சுற்றாமல் நேராக எடுத்துக்கொண்டார்கள். போர்ச்சுகீசில் இன்றும் 'ஷரோப்', ஷகரம் பத்திரமாக இருக்கிறது. ஸ்பானிஷில் ஒரு காலத்தில் 'ஷராபே' என்று இருந்தது, இப்போது 'ஹராபே' என்கிறார்கள்.

லத்தீன்காரர்களை நாம் கிண்டல் செய்ய முடியாது. உருதுவின் ஷர்பத்தை வாங்கி அதே மாதிரி ஷகரத்தைக் கழற்றிவிட்டு சர்பத் என்று வைத்துக்கொண்டவர்கள்தானே நாம்.

அதே மூட்டையில் இன்னொரு சொல்லும் போயிற்று. பாரசீகத்தில் குல் என்றால் ரோஜா, ஆப் என்றால் நீர். குலாப் என்றால் நாம் சொல்லும் பன்னீர். அரபியில் ஜுலாப், ஆங்கிலத்தில் 'ஜூலெப்' என்ற இனிப்புப் பானம். நம் வீட்டில் அது குலாப் ஜாமூனாக ஊறிக்கொண்டிருக்கிறது, அதுவும் சிரப்பிலேயே.

## கெட்டியானது எதனால்?

சரி, 'குடிப்பது' என்ற சொல் எப்படிக் 'கெட்டியான இனிப்பு நீர்' ஆயிற்று? இதற்கு விடை சர்க்கரை செய்யும் வேலையில் இருக்கிறது.

எலுமிச்சை ஊறுகாய்க்கு நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வையுங்கள். மறுநாள் பார்த்தால் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். யாரும் ஊற்றவில்லை. வெளியே உப்பு அதிகம், பழத்துக்குள்ளே தண்ணீர் அதிகம். தண்ணீர் உள்ளேயிருந்து உப்பைத் தேடி வெளியே வந்துவிடுகிறது. இதற்குச் சவ்வூடுபரவல் என்று பெயர். பாகுக்குள் ஒரு கிருமி விழுந்தால் அதற்கும் இதே கதிதான். சுற்றிலும் அடர்த்தியான சர்க்கரை. கிருமியின் உடம்பிலிருக்கிற தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு அது சுருங்கிப் போகிறது. பெருக முடியாது. மூலிகைக் கஷாயத்தை அப்படியே வைத்தால் இரண்டு நாளில் பூத்துவிடும். அதையே சர்க்கரையோடு காய்ச்சிப் பாகாக்கினால் மாதக்கணக்கில் நிற்கும், கசப்பும் மறைந்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்து மருந்தாளருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு சர்க்கரை? 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2 கிலோ சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும், அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். அதாவது பாகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. இந்திய மருந்துத் தர நூல் மருந்து கலக்காத வெறும் சிரப்புக்குச் சொல்லும் அளவும் அதுதான்: 100 கிராமில் 66.7 கிராம் சர்க்கரை. கனடாவில் மேப்பிள் மரத்தின் நீரை, சுமார் 40 லிட்டரை ஒரு லிட்டராகும்வரை காய்ச்சி எடுக்கும் மேப்பிள் சிரப்புக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 66 சதவீதம். மருந்துக்கும் தோசை மாதிரி ஒரு பலகாரத்தின் மேல் ஊற்றிக்கொள்வதற்கும் ஒரே எண் எப்படி வந்தது? இதைவிடக் குறைந்தால் புளிக்கும், கூடினால் கற்கண்டாக உறையும். நடுவில் நிற்கிற இடம் அந்த மூன்றில் இரண்டுதான்.

இனிப்புச் செய்கிற எந்தப் பாட்டிக்கும் இது எண் இல்லாமலே தெரியும். இரண்டு விரலுக்கு நடுவே தொட்டு இழுத்துப் பார்ப்பார். ஒரு கம்பி வந்தால் ஜாங்கிரிக்கு, தண்ணீரில் விட்டு உருட்ட வந்தால் பொரிவிளங்காய்க்கு. கம்பிப் பதம் சுமார் 106 டிகிரி, உருட்டுப் பதம் 112ஐத் தாண்டி. ஆறேழு டிகிரி முன்னே பின்னே போனால் பலகாரத்தின் பெயரே மாறிவிடும். பாகு உறையாமல் இருக்க இரண்டு சொட்டு எலுமிச்சை விடுவதும் அதே அனுபவம்தான். புளிப்பு சர்க்கரையைக் கொஞ்சம் உடைத்து இரண்டு வேறு சர்க்கரைகளாக்கிவிடுகிறது, கலப்படக் கூட்டம் வரிசையில் நிற்க முடியாததால் படிகம் கட்டாது.

மறுபடி ஒரு வரி: கெட்டுப்போகாமல் இருக்கச் சர்க்கரை, சர்க்கரை ஏறியதால் கெட்டி. மருந்துப் பானங்கள் எல்லாம் கெட்டியாக இருந்ததால் அந்தச் சொல்லே கெட்டியான இனிப்பைக் குறிக்க ஆரம்பித்தது.

## மருந்துக்கடையில் நிற்கும் எல்லாம் சிரப் அல்ல

பாட்டிலில் வரும் எந்த மருந்தையும் நாம் சிரப் என்றுதான் கேட்கிறோம். கடைக்காரரும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்திருந்தால் நல்லது. சிரப்பில் மருந்து முழுக்கக் கரைந்திருக்கும். தெளிவாக எடுத்த ரசம் மாதிரி, முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒன்று. பாட்டிலில் 'சஸ்பென்ஷன்' என்று போட்டிருந்தால் மருந்து கரையாமல் துகளாக மிதக்கிறது என்று பொருள், ரசத்தின் மண்டி மாதிரி. குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள்களில் மருந்து குறைவாகவும், பாட்டில் தீரும் சமயத்தில் அதிகமாகவும் பிள்ளை வயிற்றுக்குள் போகும். 'நன்றாகக் குலுக்கவும்' என்ற வரி அதற்காக.

'உலர் சிரப்' என்று ஒன்று விற்கிறார்கள். குழந்தைகளுக்கான ஆன்டிபயாட்டிக் பலவும் அப்படித்தான் வரும், பாட்டிலுக்குள் வெறும் பொடி. தண்ணீரில் நாள்பட இருந்தால் மருந்து வீரியம் இழக்கும் என்பதால் வீட்டில் கோடு வரைக்கும் தண்ணீர் விட்டுக் கலக்கி, அட்டையில் சொன்ன நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். கலக்கிய பிறகு பெரும்பாலும் அது சஸ்பென்ஷன். ஆக, 'குடிப்பது' என்ற சொல்லுக்கு முன்னால் 'உலர்' என்று ஒட்டி, கடைசியில் சிரப்பும் ஆகாத ஒன்று. மொழி இதையெல்லாம் சகித்துக்கொள்கிறது.

'லிங்டஸ்' என்று சில இருமல் மருந்தில் இருக்கும். லத்தீனில் நக்குவது என்று பொருள். தொண்டையில் படியும்படி மெல்ல நக்கிச் சாப்பிட வேண்டியது. நம் லேகியமும் வடமொழியில் 'நக்கத்தக்கது'தான். இரண்டுக்கும் வேர்கூட ஒன்று. இவ்வளவு தூரத்து ஊர்களில் இருமலுக்கு ஒரே வைத்தியம்.

'எலிக்ஸிர்' என்பதும் அரபி வழி வந்த சொல், மருந்துத் துறையில் ஆல்கஹால் கலந்த இனிப்புக் கரைசலைக் குறிக்கும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு நீர்மத்தில் கரைத்து, ராஸ்ப்பெரி மணம் சேர்த்து, எலிக்ஸிர் என்று பெயரிட்டு விற்றார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். மருந்தை விற்கும் முன் அது பாதுகாப்பானதா என்று காட்டவேண்டிய கட்டாயம் அன்றைய சட்டத்தில் இல்லை. அதிகாரிகளுக்குக் கிடைத்த ஒரே பிடி அந்தப் பெயர்தான்: எலிக்ஸிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே தவறான பெயர். வெறும் 'கரைசல்' என்று ஒட்டியிருந்தால் அந்தப் பிடியும் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டு, 1938இல், சட்டத்தை மாற்றினார்கள். பாட்டிலில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்ப்பது சொல் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு மட்டும் என்று நினைத்தவர்களுக்காக இதைச் சொன்னேன்.

## ஒலி ஒன்றாக இருந்தால் உறவா?

இந்த மாதிரிக் கதைகள் படித்த மறுநாள் ஒரு நோய் வரும். எல்லாச் சொல்லும் எல்லாச் சொல்லுக்கும் சொந்தம் என்று தோன்றும். எனக்கும் வந்தது. 'ஷோர்பா' என்ற சூப்பையும் ஷ்-ர்-ப் குடும்பத்தில் சேர்த்துவிட்டேன். குடிக்கத்தானே செய்கிறோம்? ஆனால் அது பாரசீகச் சொல்: ஷோர் என்றால் உப்பு, பா என்றால் குழம்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஜாடையில் நம் சித்தப்பா மாதிரி இருந்தால் சித்தப்பா ஆகிவிடுவாரா? உறவு என்று சொல்ல ஒலி மட்டும் போதாது. எந்த ஊர் வழியாக, எந்தக் காலத்தில், எந்தக் கை மாறி வந்தது என்ற வழியும் தெரிய வேண்டும்.

தமிழுக்குள்ளேயே பாருங்கள். சிரப் வருவதற்கு எவ்வளவோ முன்பே நம்மிடம் 'பாகு' இருக்கிறது; பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும் என்று பிள்ளையாருக்கு ஔவை தருவதாகச் சொன்ன நான்கில் ஒன்று அது. இலங்கைத் தமிழர் 'பாணி' என்கிறார்கள். கட்டித் தயிரின் மேல், கித்துள் என்ற பனை வகை மரத்தின் பாணியை ஊற்றிக் கொடுப்பார்கள், ஒரு தடவை சாப்பிட்டால் மறக்காது. மலேசியாவில் 'சிராப்' என்று கேட்டால் இருமல் மருந்து வராது, கல்யாண வீட்டில் ஜக்கு ஜக்காக ஊற்றும் சிவப்பு ரோஜாப் பானம் வரும். அங்கே அந்தச் சொல் மருந்து அலமாரியை விட்டு இறங்கி மறுபடியும் வெறும் பானமாகியிருக்கிறது.

அப்புறம் நம் சமையலறையின் 'ஜீரா'. ஜாமூனுக்கு ஜீரா காய்ச்சியாச்சா என்று கேட்கிறோமே, அது பாரசீகத்தின் 'ஷீரா', சாறு, பாகு. வடக்கே கடையில் கேட்டால் கிடைக்கும் ஜீராவோ சீரகம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கல்யாணமாகி டெல்லிக்குப் போன என் அத்தை, முதல் தீபாவளிக்கு ஜாமூன் பொரித்து வைத்துக்கொண்டு, சர்க்கரை போதாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, தெரிந்த ஒரே இந்திச் சொல் என்று நம்பி "ஜீரா, ஜீரா" என்று கையைக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா சிரித்த முகத்தோடு உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாராம். வாங்கி வந்து திறந்து பார்த்தால் சீரகம். அன்று ராத்திரி வீட்டில் ரசம் பிரமாதமாக இருந்தது என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.